பேசியது பேசியபடி

தலைவர் ஒரு மணி நேரம் பேசினால் அதில் நாற்பது ‘அதாவது வந்து’ இருக்கும். அந்த நாற்பதையும் ஒன்று விடாமல் பிடுங்கி எறிவதுதான் பத்தொன்பது வருடங்களாக அவள் பார்த்துவரும் உத்தியோகம். நகரசபைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஒரு கதவு மட்டும் திறக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலடியில் ஒரு மிதி. மிதித்தால் கூட்டத்தின் ஒலிப்பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு வாக்கியம் கேட்பாள், நிறுத்துவாள், கழுவுவாள், தட்டச்சு செய்வாள். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மினிட்ஸ் அக்கா. தலைவருக்கு மட்டும் ‘டைப்பிஸ்ட் அம்மா’.

கழுவுவது என்றால் லேசான கழுவல் இல்லை. ஒருமுறை தலைவர் குடிநீர் பற்றிப் பேசினார். “அதாவது வந்து, தண்ணி. தண்ணி இல்லன்னா என்ன ஆகும், நான் கேக்கறேன், நீங்களே சொல்லுங்க, தண்ணி இல்லன்னா… சரி, அதை விடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அது அவள் கையிலிருந்து வெளியே வந்தபோது, ‘குடிநீர் இந்த நகரம் மக்களுக்குக் காட்டும் சலுகை அல்ல, மக்கள் பிறக்கும்போதே கொண்டுவந்த உரிமை’ என்று இருந்தது. மறுநாள் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில் அதை ஆளுயர எழுத்தில் எழுதி, அடியில் தலைவர் பெயரையும் போட்டார்கள். தினமும் பேருந்தில் அந்தத் தொட்டியைக் கடந்துதான் அவள் வேலைக்கு வருகிறாள். ஆரம்பத்தில் அதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும், ரகசியமாக ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நாளாக நாளாக அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டாள்.

இப்படிச் சேர்ந்ததையெல்லாம் தொகுத்துத் தலைவர் ஒரு புத்தகமும் போட்டார். அட்டையில் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விரலை உயர்த்தி நிற்கும் படம். வெளியீட்டு விழாவில் அவருக்கு ‘நாவன்மை நாயகர்’ என்று பட்டம் வேறு கொடுத்தார்கள். அவளுக்கும் ஒரு பிரதி வந்தது. முதல் பக்கத்தில் ‘தட்டச்சு செய்து உதவிய சகோதரிக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால் மனிதர் பொய் சொல்லவில்லை. தான் அப்படித்தான் பேசுகிறோம் என்று மனதார நம்பிவிட்டார். தன் பேச்சை அவர் காதால் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருக்கும், எல்லாவற்றையும் அச்சில்தான் பார்க்கிறார். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரிடம் ஒருநாள் சொல்லிச் சிரித்தாள், அத்தோடு சரி.

போன வியாழக்கிழமை நடந்த கூட்டத்தில்தான் எல்லாம் மாறியது.

ஊரில் நகரசபைப் பள்ளிகள் பதினொன்று. அவற்றில் படம் வரையவும் பாடவும் நாடகம் போடவும் சொல்லிக்கொடுக்க ஆறு வருடங்களுக்கு முன் கலைக்கல்வித் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதை நிறுத்திவிட்டு, அந்த நிதியில் ஊர் எல்லையில் விளக்கு எரியும் வரவேற்பு வளைவு கட்டுவது என்று தலைவர் முடிவு செய்திருந்தார். வளைவின் நெற்றியில் பொறிப்பதற்குப் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தையும் அவரே தேர்ந்தெடுத்திருந்தார்: ‘குழந்தைகள் கையில் வண்ணத்தைக் கொடுங்கள், இந்த ஊரின் நாளையை அவர்கள் வரைந்து காட்டுவார்கள்.’ திட்டம் தொடங்கிய அன்று அவர் பேசியதாக அவள் எழுதிய வாக்கியம் அது. அன்று உண்மையில் அவர் பேசியது, மழைக்கு முன்னால் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம் என்பதுதான். வாக்கியத்தை எழுதும்போது அவள் மனதில் இருந்தது கூடப்பிறந்த அக்காவின் வகுப்பு.

அக்கா அந்தத் திட்டத்தில்தான் டிராயிங் டீச்சர். அதற்கு முன்பும் பதினெட்டு வருடம் தினக்கூலிபோல பள்ளி பள்ளியாக அலைந்து வரையச் சொல்லிக்கொடுத்தவள். திட்டத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரில் யார் கிளம்புவார்கள் என்று பார்த்தால், பெரிய மனிதர்கள் யாரும் கிளம்பவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள்தான் கிளம்பினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள். முன்னால் நின்றவர் ஒரு பழக்கடைக்காரர். அவருடைய மகள் அக்காவிடம் படித்து இப்போது துணி ஆலையில் டிசைன் போடுகிறாள். பழம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி, இரண்டாயிரத்துச் சொச்சம் பேரின் மனுவைத் திரட்டியிருந்தார். கையெழுத்துப் போடாதவனுக்கு நல்ல பழமாகப் பொறுக்கித் தரமாட்டேன் என்று மிரட்டியதாகவும் கேள்வி.

வியாழக்கிழமை பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். அக்கா பேசமாட்டேன் என்றுதான் சொன்னாள். “எனக்கு மேடையெல்லாம் ஆகாதுடி. நாலு கலரைக் குடு, வரைஞ்சு காட்டறேன். பேச்சு உன் டிபார்ட்மென்ட்” என்றாள். அவள்தான் விடாப்பிடியாக அக்காவைப் பேச வைத்தாள். நான்கு பத்தி எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் பழக்கியும் விட்டாள். சபையில் அவளுடைய மேசை தலைவரின் மேடைக்கு நேர் கீழே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். பொதுமக்கள் பேசுகிற இடம் இடதுபக்கம் இரண்டு அடி தள்ளி. அக்கா வந்து நின்றாள். காகிதம் நடுங்கியது. முதல் பத்தியை இரண்டு தடவை வாசித்தாள், மூன்றாவதைத் தாண்டிக் குதித்தாள், நான்காவது எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்று நிமிடம் முடிந்து தலைவர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். மைக் செத்தது. அக்கா போகவில்லை. காகிதத்தை மடக்கிக்கொண்டு, மைக் இல்லாமலே, தலைவர் பக்கம் திரும்பிப் படபடவென்று சொன்னாள்.

“ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு வேற என்ன வரும்? கணக்கு வராது, இங்கிலீஷ் வராது. அப்பன் ஆத்தா சரியா இருந்தாத்தானே? பாதிப் பேர் குடிகாரங்க, மீதிப் பேருக்குப் பிள்ளை எத்தனாவது படிக்குதுன்னே தெரியாது. என்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து கலர் அடிச்சா, அந்த ஒரு மணி நேரமாவது மனுஷப் பிள்ளைங்களா இருக்கும்.”

அந்த அப்பன் ஆத்தாள்கள் எழுபது பேர் பின்பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மைக் இல்லாததால் ஒரு சொல்கூட அவர்களுக்குக் கேட்கவில்லை. டீச்சர் தங்களுக்காகத் தலைவரிடம் நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கிறாள் என்று நினைத்துக் கையைத் தட்டினார்கள். தலைவர் பக்கத்திலிருந்த உறுப்பினர் பக்கம் சாய்ந்து, அவரும் மைக் இல்லாமல் சொன்னார்: “இந்தப் பசங்க வரைஞ்சு என்னத்தைக் கிழிக்கப் போறாங்க? நாளைக்கு நம்ம வீட்டுக்கு வெள்ளையடிக்க வரப்போறவங்கதானே. அதுக்கு டீச்சர் எதுக்குய்யா, ஒரு ஏணி வாங்கிக் குடுத்தா போதாதா? இந்தம்மாவையும் கூடவே ஏத்தி விடுங்க, ஒரு கோட்டு அடிக்கட்டும்.” உறுப்பினர்களின் முன்வரிசை மொத்தமும் சிரித்தது. பின்னாலிருந்து வந்த கைதட்டலில் அக்காவுக்கு என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறார் என்று எண்ணி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அக்காவின் அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சபையில் அவள் மேசைமேல் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவி அருமையான கருவி, கிசுகிசுத்தால்கூடப் பிடித்துவிடும். ஏணி வரைக்கும் வந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தாள். கை பாட்டுக்கு ஓடியது. திரையில் பார்த்தால், ‘வேலைவாய்ப்போடு இணைந்த பயிற்சியே இன்றைய இளைஞர்களின் தேவை என்று தலைவர் சுட்டிக்காட்டினார்’ என்று அழகாக நின்றுகொண்டிருந்தது. யோசிக்கவில்லை, கோபப்படவில்லை, பழக்கதோஷத்தில் விரல்களே செய்துவிட்டன. தன் கூடப்பிறந்தவளை ஏணியில் ஏற்றிவிட்டு நாலு பேர் சிரித்ததை, தன் கையாலேயே துடைத்துப் பளபளப்பாக்கி அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இப்படி இன்னும் எத்தனையைத் துடைத்துக் கொடுத்தாளோ! எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த வாக்கியத்தை அழித்தாள். பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, ‘அதாவது வந்து’ என்று முதல் சொல்லைத் தட்டச்சு செய்தாள்.

பிறகு மூன்று நாள் அவள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு இருமலை விடவில்லை. ஒரு ஏப்பத்தை விடவில்லை. ‘பக்கத்தில் இருப்பவரிடம், ஃபேனைக் கூட்டச் சொல்லு என்றார்’, ‘தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை’, ‘உறுப்பினர்கள் சிரித்தனர்’ என்று அடைப்புக்குறிகளை அள்ளி இறைத்தாள். கழுவிக் கழுவி அவரைத் தூக்கி உட்கார வைத்த கை, கழுவாமல் விட்டாலே போதும், தொபுக்கென்று விழுந்துவிடுவார். இதற்குப் பொய் வேண்டாம், சூழ்ச்சி வேண்டாம். தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும் என்பது அவளுக்குத் தித்தித்தது. மேலாளர் பார்த்துவிடுவாரோ என்ற பயமும் இல்லை. குறிப்பின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார், அதற்கு முந்தைய பக்கங்களை அவர் கடைசியாகப் புரட்டியது எந்த ஆண்டு என்று அவருக்கே தெரியாது.

அக்கா பேசியது வந்த இடத்தில்தான் இடித்தது. முதலில் அதை மட்டும் கழுவினாள். ‘கலைப் பயிற்சி மாணவர்களின் ஒழுக்கத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் துணைநிற்கிறது என்று ஓவிய ஆசிரியை எடுத்துரைத்தார்.’ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலைவர் முட்டாள் இல்லை. குறிப்பு தப்பு என்று யாராவது எழுந்து சொன்னால் சபையிலேயே ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வேண்டும், அதுதான் விதி. ஒரு வரி கழுவியது தெரிந்தாலும் மற்றதெல்லாம் மாறிவிடும்: சொந்த அக்காவுக்கு ஒரு குறிப்பு, எனக்கு ஒரு குறிப்பா என்று கேட்பார். ஏணியும் அடிபட்டுப் போகும். அதோடு, அக்காவுக்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் அந்த ஏணி இருக்கிறது. அக்காவைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. அக்கா நிஜமாகவே அப்படி நினைக்கிறவள்தானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. இருபத்துநான்கு வருடம் ஒரே வேலையைப் பார்க்கிற யாருடைய வாயிலும் அலுத்துச் சலித்த நேரத்துக்கு என்று இப்படி இரண்டு வரி இருக்கத்தான் இருக்கும். அது அன்றைக்கு, அந்த இடத்தில், அந்த ஆளின் காதுக்கு ஏற்றாற்போல வெளியே வந்துவிட்டது. கழுவிய வரியை அழித்தாள். ‘அப்பன் ஆத்தா சரியா இருந்தாத்தானே’ என்று தட்டச்சு செய்யும்போது கை வலித்தது. ஆனால் செய்தாள்.

அன்று மதியம் பழக்கடைக்காரர் மாடியேறி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்.

“மேடம், ஒரு சந்தேகம். அன்னிக்கு மைக் போன பிறகு டீச்சர் அவர்கிட்ட ஏதோ வேகமா சொன்னாங்களே, என்ன சொன்னாங்க? எங்க யாருக்கும் கேக்கலை. டீச்சரைக் கேட்டா, பதட்டத்துல என்ன பேசினேன்னே தெரியலை, வாய்க்கு வந்ததைச் சொன்னேங்கறாங்க.”

“எல்லாம் குறிப்புல இருக்கு” என்றாள்.

“அதை நாங்க பாக்க முடியுங்களா? எங்க தெருவுல எல்லாரும் கேக்கறாங்க. நமக்காக இப்படி ஒருத்தர் நின்னு பேசினதே இல்லைன்னு ஒரே பேச்சு.”

இந்த இடத்தில் அவள் பொய் சொல்லியிருக்கலாம். குறிப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை என்றால் அவர் நம்பிப் போயிருப்பார். முந்தைய கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி என்றாலும், ‘வாசித்ததாக வைத்துக்கொள்வோம்’ என்று தலைவர் சொல்லி, எல்லோரும் தலையாட்டுவதுதான் வழக்கம். அவள் எழுதியதை அந்தச் சபையில் ஒருநாளும் யாரும் வாசித்துக் கேட்டதில்லை. நாளை மறுநாளும் அப்படியே விட்டால் இந்த முப்பது பக்கமும் அலமாரிக்குப் போய்விடும். அவள் நாற்காலியைக் காட்டினாள், அவர் உட்காரவில்லை.

“ஊர்க்காரங்க பத்துப் பேர் எழுதிக் குடுத்தா, முழுசையும் சபையில வாசிச்சே ஆகணும். ஓட்டெடுப்புக்கு முன்னாடி. நடுவுல நிறுத்தறதா இருந்தா, எழுதிக் குடுத்தவங்க ஒத்துக்கணும்” என்றாள்.

“பத்து என்னங்க, எழுபது பேர் எழுதறோம்” என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அவருடைய காலடிச் சத்தம் மறைகிறவரை அவள் மிதியில் காலை வைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். அக்கா சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய காலண்டர் தாள்களைப் பரப்பி, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதை மட்டும் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு வரைய. திட்டம் போகப்போகிறது என்று தெரிந்தும் அடுத்த மாதத்துக்கான தாளை வெட்டுகிறாள்.

“தேத்தண்ணி போட்டுக்கோ, எனக்கும் ஊத்து. கை அழுக்கு” என்றாள். பிறகு, “ஏண்டி, அன்னிக்கு நான் ரொம்ப உளறிட்டேனா?”

“ஞாபகம் இல்லையா உனக்கு?”

“கண்ணைக் கட்டிடுச்சு. ஏதோ சொன்னேன். அவர்கூட சிரிச்சாரே, நல்லாத்தான் சொல்லியிருப்பேன் போல. எதுக்குச் சிரிச்சாங்க எல்லாரும்?”

“அவங்களுக்குள்ள ஏதோ.”

“எப்படியோ, நீதானே எழுதற. அந்தத் தலைவனையே நாவன்மை நாயகரா ஆக்கினவ. கூடப்பிறந்தவளை விட்டுடுவியா?” என்று சொல்லிக் கத்தரிக்கோலை ஆட்டிச் சிரித்தாள்.

சொல்லிவிட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவள் தேநீரை ஊதிக்கொண்டே இருந்தாள். சொன்னால் அக்கா என்ன செய்வாள் என்று தெரியும். அழுவாள், காலைப் பிடிப்பாள், வேண்டாம்டி என்பாள். அக்கா வேண்டாம் என்றால் அவளால் செய்ய முடியாது. செய்யாமல் இருக்கவும் முடியாது. ஆகவே கேட்காமல் இருப்பதே வசதி என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. “நாளைக்கு நீ வராதக்கா. ஸ்கூல் இருக்குல்ல, லீவு வேற வீணாகும்” என்று மட்டும் சொன்னாள்.

“வராம? எனக்காக எழுபது பேர் மனு எழுதியிருக்காங்க, நான் வீட்ல உக்காந்திருக்கவா? மூணாவது வரிசையில முதல் ஆளா இருப்பேன் பாரு.”

அப்படியே இருந்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சபை கூடியபோது பின்பெஞ்சுகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். அக்கா மூன்றாவது வரிசையில், நல்ல உடை உடுத்தி, பக்கத்தில் பழக்கடைக்காரரோடு உட்கார்ந்திருந்தாள். மனுவைப் பார்த்ததும் தலைவருக்கு ஒரே பெருமை. “முழுசா வாசிக்கணுமாம். நல்லது, வாசிங்கம்மா. நானும் என் பேச்சைக் கேட்டு நாளாச்சு” என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். திட்டத்தை நிறுத்துவதா என்ற ஓட்டெடுப்பு அதற்குப் பிறகு. உறுப்பினர்கள் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து நின்று வாசித்தாள். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. “தலைவர்: அதாவது வந்து, கலை. கலைன்னா என்ன? கலைன்னா… இப்ப நான்கூட சின்ன வயசுல, சரி, அது வேற. கலை வந்து அது பாட்டுக்கு வரும். வந்தா வரும். இருமல். அதுக்கு ஒரு ஆளைப் போட்டு, சம்பளத்தைக் குடுத்து, அதாவது வந்து, நான் என்ன சொல்ல வந்தேன்? உறுப்பினர் ஒருவர்: கலை. தலைவர்: ஆங், கலை. அந்த ஃபேனைக் கூட்டச் சொல்லுய்யா.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்பெஞ்சில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. இரண்டாவது பக்கத்தில் உறுப்பினர்கள் கைபேசியைக் கீழே வைத்தார்கள். மூன்றாவது பக்கத்தில், வளைவுக்கான வாக்கியத்தைப் புத்தகத்தைப் பார்த்தே தப்புத்தப்பாக வாசித்துவிட்டு, ‘நல்லாயிருக்குல்ல, நான் சொன்னதுதான்’ என்று அவரே பாராட்டிக்கொண்ட இடம் வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பத்திரிகைக்காரர் வேகவேகமாக எழுதினார். அவளுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. சிரியுங்கள், இன்னும் நன்றாகச் சிரியுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அக்காவைப் பார்த்து முன்வரிசை சிரித்ததற்கு இது வட்டி, அசல் இன்னும் பின்னால் இருக்கிறது.

தலைவரின் முகம் சிவந்து போயிருந்தது. “என்னம்மா இது? நான் இப்படியா பேசினேன்?”

“பதிவு இருக்குங்க ஐயா. போடட்டுங்களா?”

அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. பழக்கடைக்காரர் மனுவைக் கொடுத்ததும், ‘இதுல எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்’ என்று தலைவர் முணுமுணுத்ததும் வந்தது. இப்போது பின்பெஞ்சுகளில் சிரிப்பு இல்லை. பழக்கடைக்காரர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து ஓட்டில் ஜெயித்த இரண்டு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டே பக்கம். அடுத்தது அக்கா, அதற்கடுத்தது ஏணி.

தலைவர் மேடையிலிருந்து குனிந்தார். குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. வியர்த்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது.

“இப்ப வரப்போறது உங்க அக்கா பேசினது. எனக்கும் காது இருக்கும்மா, அன்னிக்கு நல்லாக் கேட்டுச்சு. இதோட நிறுத்திப்போம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.” நிமிர்ந்து மைக்கில் சொன்னார்: “நேரமாச்சு. மீதியை வாசித்ததா வைத்துக்கொள்வோம். மனுக் கொடுத்தவங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?”

அவள் கையில் பக்கம் பாதி திரும்பி நின்றது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் போதும். அக்கா தப்பித்துவிடுவாள். இவரும் தப்பித்துவிடுவார். நாற்பது ‘அதாவது வந்து’ நாளைய பத்திரிகையில் வரும், நாலு நாள் ஊர் சிரிக்கும், அப்புறம் வளைவு எழும்பும், அவளுடைய வாக்கியம் அதில் எரியும். ஏணி மட்டும் அவளுக்குள்ளேயே கிடக்கும். எது வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நிமிடத்தில் அவளால் சொல்லியிருக்க முடியாது. கூட்டத்தைப் பார்த்தாள்.

“ஆட்சேபம் இருக்கு!”

அக்காதான். மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். அன்று மைக் முன்னால் காகிதத்தோடு நடுங்கியவள் இவள்தானா என்று இருந்தது. “அவர் பேசினதை மட்டும் வாசிச்சா போதுமா? நாங்க பேசினதை யார் வாசிக்கறது? அன்னிக்கு மைக்கை நிறுத்தினீங்க, இன்னிக்குக் குறிப்பை நிறுத்தறீங்களா? இவங்கள்லாம் வேலையை விட்டுட்டு எதுக்கு வந்திருக்காங்க? முழுசா வாசிக்கணும்!”

“முழுசா வாசிக்கணும்!” என்றார் பழக்கடைக்காரர். எழுபது பேரும் எழுந்து அதையே சொன்னார்கள். பெஞ்சுகள் தரையில் கிறீச்சிட்டன. சுவரோரம் நின்றவர்கள் கையைத் தட்டினார்கள். டீச்சர் என்ன சொன்னாங்கன்னு படிங்க என்று ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

தலைவர் அக்காவைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில், வாசிப்பு தொடங்கியதும் காணாமல் போயிருந்த சிரிப்பு மெதுவாகத் திரும்பி வந்தது. “மக்கள் கேக்கறாங்க. வாசிங்கம்மா” என்றார்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். ‘ஓவிய ஆசிரியை’ என்ற முதல் சொல் வரைக்கும் வாசித்தாள். இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். உட்காரு என்றோ, போய்விடு என்றோ கண்ணால் சொல்ல முயன்றாள். அக்காவுக்கு அது தங்கையின் தவிப்பாக, கூச்சலில் குரல் எடுபடவில்லை என்று உதவி கேட்பதாகப் பட்டது போலும். சட்டென்று பின்பக்கம் திரும்பி, வகுப்பில் செய்வது போலவே, உதட்டின்மேல் விரலை வைத்தாள். எழுபது பேரும் பிள்ளைகளாட்டம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சபை அடங்கும்வரை விரலை எடுக்காமல் நின்றுவிட்டு, அக்கா தங்கையின் பக்கம் திரும்பி, முகம் நிறையச் சிரிப்போடு, இப்போது படி என்று தலையை ஆட்டினாள்.